சி நிரலில் பெயர் முகவரியாக மாறவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

சி-யில் எழுதிய நிரல் ஒரு சர்வரின் பெயரைக் கொடுத்து ஐபி முகவரி கேட்கிறது. பதில் வரவில்லை, அல்லது தப்பாக வருகிறது, அல்லது வர நேரமாகிறது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் அடிக்கடி கொண்டுவரும் பழுது இது. வரும்போதே "டிஎன்எஸ் சரியில்லை" என்ற தீர்ப்போடுதான் வருவார்கள் (டிஎன்எஸ் என்பது பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்களின் அமைப்பு). நிரலைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அவர்கள் எழுதிய ஒரு சில வரிகளுக்குள்ளேயே பழுது இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரே வரிசைதான்: முதலில் உங்கள் கோடு (நீங்கள் எழுதிய நிரல் வரிகள்), பிறகு உங்கள் மெஷின், அப்புறம் நெட்வொர்க், கடைசியாக அடுத்தவரை அழைப்பது. ஒரு படியில் சரியாகிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சொல்வதெல்லாம் லினக்ஸையும் அதன் வழக்கமான ஜிலிப்சி லைப்ரரியையும் வைத்து. மற்றவை வேறுபடும் இடத்தில் அங்கங்கே குறித்திருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இந்த இரண்டு

பிழை எண்ணை அச்சிடுங்கள். பெயரை முகவரியாக மாற்றித் தரும் சி அழைப்பு கெட்அட்ரின்ஃபோ. அது வெற்றி பெற்றால் 0 தரும். இல்லையென்றால் ஒரு பிழை எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண், வழக்கமாகப் பிழை எண் விழும் எர்நோ மாறியில் இருக்காது. அதனால் எர்நோவை வாசகமாக்கும் பிஎரர் போட்டுப் பார்த்தால் "சக்சஸ்" என்றோ, எப்போதோ நடந்த வேறு பிழையின் பெயரோதான் வரும். திரும்பி வந்த எண்ணை ஜிஏஐ_ஸ்ட்ரெரர் பங்க்‌ஷனிடம் கொடுத்து வாசகமாக்குங்கள். எண்ணையும் சேர்த்தே அச்சிடுங்கள். எண் -11 ஆக இருந்தால் மட்டும் எர்நோவைப் பாருங்கள். இன்னொன்று, தேடிய பெயரைச் சதுர அடைப்புக்குள் வைத்து அச்சிடுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியிலேயே தெரிந்துவிடும்.

டிக் கட்டளையை நம்பி முடிவெடுக்காதீர்கள். டிக்கும் என்எஸ்லுக்கப்பும் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்க் கேட்பவை. உங்கள் நிரல் அப்படிக் கேட்பதில்லை. அது முதலில் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பைப் படித்து, அதில் உள்ள வரிசைப்படி ஹோஸ்ட்ஸ் கோப்பு (மெஷினிலேயே உள்ள பெயர்ப் பட்டியல்), எம்டிஎன்எஸ் (அதே நெட்வொர்க்கில் உள்ள மெஷின்களிடமே கேட்பது), டிஎன்எஸ் என்று ஒவ்வொன்றாகப் போகிறது. நிரல் கேட்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டுமானால் டெர்மினலில் கெட்என்ட் கட்டளையை ஏஹோஸ்ட்ஸ் என்ற சொல்லோடும் பெயரோடும் ஓட்டுங்கள். அது உள்ளே கெட்அட்ரின்ஃபோவைத்தான் அழைக்கிறது.

இப்போது பாதை மூன்றாகப் பிரிகிறது. கெட்என்ட் சரியாகச் சொல்லி நிரல் மட்டும் தோற்றால் பழுது கோட்டில். டிக் சரியாகச் சொல்லி கெட்என்ட் தோற்றால் பழுது மெஷினின் அமைப்புக் கோப்புகளில். இரண்டுமே தோற்றால்தான் நெட்வொர்க் பக்கம் திரும்ப வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் ரவுட்டரை அணைத்துப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

## அறிகுறி: கம்பைல் ஆகவே மறுக்கிறது

எப்படிப்பட்ட முகவரி வேண்டும் என்று கெட்அட்ரின்ஃபோவுக்குச் சொல்லும் ஹிண்ட்ஸ் மாறியின் அளவு தெரியவில்லை என்று கம்பைலர் சொல்கிறது. ஹெடர் கோப்புகளையோ சரியாகச் சேர்த்திருக்கிறீர்கள். அப்படியானால் கம்பைல் கட்டளையைப் பாருங்கள். மொழித் தரமாக சி99 அல்லது சி11 என்று கறாராகக் கொடுத்திருந்தால், சி மொழித் தரத்தில் இல்லாத நெட்வொர்க் பங்க்‌ஷன்களை ஹெடர் மறைத்துவிடும். தரத்தை க்னு11 என்று மாற்றுங்கள். அல்லது போசிக்ஸ் சி சோர்ஸ் மேக்ரோவை 200112எல் என்ற மதிப்போடு, எல்லா ஹெடர் வரிகளுக்கும் மேலே வரையறுங்கள். கீழே போட்டால் பலன் இல்லை.

பங்க்‌ஷனை அறிவிக்கவில்லை என்ற எச்சரிக்கை மட்டும் வந்து, கம்பைல் ஆகிவிட்டால் இன்னும் ஆபத்து. ஐநெட்_என்டுஏ போல பாயின்டர் தரும் பங்க்‌ஷனை ஹெடர் இல்லாமல் அழைத்தால், அது இன்ட் தருகிறது என்று பழைய கம்பைலர் நினைத்துக்கொள்ளும். 64 பிட் பாயின்டர் பாதியாக வெட்டுப்படும். அச்சிடும் இடத்தில் நிரல் செத்துவிழும். 2024-இல் வந்த ஜிசிசி 14 இதைப் பிழையாகவே நிறுத்துகிறது. அதற்கு முந்தையதை வைத்திருப்பவர்கள் எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கி வையுங்கள்.

## அறிகுறி: -2, "நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்"

அதிகம் வருவது இதுதான். "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று இது சொல்கிறது. உண்மையில் பல நேரம், நீங்கள் கேட்டதாக நினைக்கும் பெயரை நிரல் கேட்கவே இல்லை.

பெயரின் வாலில் ஒட்டிய புதுவரி. எஃப்கெட்ஸ் கொண்டு கோப்பிலிருந்தோ விசைப்பலகையிலிருந்தோ வாங்கிய பெயரின் கடைசியில் புதுவரிக் குறி அப்படியே இருக்கும். சதுர அடைப்புக்குள் அச்சிட்டீர்கள் அல்லவா, மூடும் அடைப்பு அடுத்த வரிக்குப் போயிருந்தால் இதுதான். விண்டோஸில் எழுதிய கோப்பானால் கூடவே ஒரு சிஆர் குறியும் இருக்கும், அது அடைப்பின் இடத்தையே குழப்பிவிடும். இரண்டையும் வெட்டுங்கள்.

பெயர் அல்லாததைப் பெயராகக் கொடுத்தது. எச்டிடிபி என்று தொடங்கும் முழு இணைய முகவரி, பெயரோடு ஒட்டிய முக்காற்புள்ளியும் போர்ட் எண்ணும், கடைசியில் ஒரு சாய்கோடு. இவை எதையும் கெட்அட்ரின்ஃபோ பிரித்துத் தராது. பெயர் தனியாக, போர்ட் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

ஃபிளாக். எண் முகவரி மட்டும் என்று பொருள்படும் ஏஐ_நியூமெரிக்ஹோஸ்ட் ஃபிளாக் போட்டுவிட்டுப் பெயரைக் கொடுத்தால் -2 வரும். பெயர், சர்வீஸ் இரண்டுமே வெறும் நல் (காலிப் பாயின்டர்) ஆக இருந்தாலும் அதேதான்.

கோடு சுத்தம், ஆனால் கெட்என்ட்டும் -2-க்கு ஈடாக ஒன்றும் சொல்லாமல் முடிகிறது என்றால் மெஷினுக்குப் போங்கள்.

சுருக்கப் பெயர். டிபி1 என்று ஒற்றைச் சொல் கொடுத்தால், எந்த டிஎன்எஸ் சர்வரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் உள்ள சர்ச் வரியின் டொமைன் சேர்ந்தால்தான் அது முழுமையாகும். உங்கள் மடிக்கணினியில் அந்த வரி இருக்கும், சர்வரில் இருக்காது. அமைப்புக் கோப்பில் முழுப் பெயரையே எழுதுங்கள்.

.லோக்கல் என்று முடியும் பெயர். டிக் சொல்கிறது, கெட்என்ட் சொல்லவில்லை, பெயரோ .லோக்கல் என்று முடிகிறது என்றால் மேலே தேட வேண்டாம். இந்த முடிவை 2013-இல் வெளியான ஆர்எஃப்சி 6762 எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டது. உபுண்டு போன்றவற்றின் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில், ஹோஸ்ட்ஸ் வரியில் எம்டிஎன்எஸ் டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் நின்று, "கிடைக்காவிட்டால் இங்கேயே திரும்பு" என்ற நிபந்தனையும் சேர்ந்திருக்கும். ஆகவே கேள்வி டிஎன்எஸ்ஸை எட்டாது. டிஎன்எஸ்ஸை முன்னால் நகர்த்தினால் இந்த மெஷினில் தீரும். அலுவலகம் முழுக்கத் தீர வேண்டுமானால் உள் டொமைனின் பெயரையே மாற்ற வேண்டும். அதை நெட்வொர்க் நிர்வாகிதான் முடிவுசெய்ய முடியும்.

பெயர் உண்மையிலேயே இல்லை. டிக் வெளியீட்டின் நிலை வரியில் என்எக்ஸ்டொமைன் என்று இருந்தால் டொமைனை வைத்திருப்பவரிடம் சொல்லுங்கள். இப்போதுதான் பதிவு சேர்த்தார்கள் என்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும்: "இல்லை" என்ற பதிலையும் இடையிலுள்ள சர்வர்கள் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். பதிவு சேர்க்கும் முன்பே ஆவலில் ஒருமுறை தேடிப் பார்த்தீர்களானால், அந்தக் காத்திருப்பை நீங்களே தொடங்கிவைத்தீர்கள் என்று அர்த்தம்.

## அறிகுறி: -3, "டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரிசல்யூஷன்"

-2 என்பது "இல்லை" என்ற பதில். -3 என்பது பதிலே கிடைக்காத நிலை. இந்த வித்தியாசத்தை நிரலிலும் காட்டுங்கள்: -2 வந்தால் உடனே பயனருக்குச் சொல்லிவிடலாம்; -3 வந்தால் சில நொடி விட்டு, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடி கேளுங்கள். இடைவெளி இல்லாமல் சுற்றிச் சுற்றிக் கேட்டால், தடுமாறிக்கொண்டிருக்கும் டிஎன்எஸ் சர்வரை நீங்களே சாய்த்துவிடுவீர்கள்.

மெஷின் பூட் ஆகும்போது மட்டும் வந்து, கையால் ஓட்டினால் வராவிட்டால், நெட்வொர்க் எழும் முன் உங்கள் சர்வீஸ் எழுகிறது. சிஸ்டம்டி யூனிட் கோப்பில் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டை வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டு வரிகளிலும் சேர்க்க வேண்டும். ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு "சேர்த்தும் சரியாகவில்லை" என்பவர்கள் நிறையப் பேர்.

எப்போதும் வருகிறதென்றால் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறவுங்கள். நேம்சர்வர் வரி உண்டா? அணைத்துவிட்ட விபிஎன் விட்டுப்போன முகவரியா? 127.0.0.53 என்று இருந்தால் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். அது நின்றிருந்தால் அந்த முகவரியில் கேட்க ஆளில்லை. கோப்பே இல்லாவிட்டால் ஜிலிப்சி உங்கள் சொந்த மெஷினிடமே கேட்கும். அங்கே டிஎன்எஸ் சர்வர் ஓடாவிட்டால் -3 தான். ஒரே அடைவுக்குள் பூட்டிவைக்கும் சிஎச்ரூட் சிறைக்குள் ஓடும் நிரலுக்கு அடிக்கடி நேர்வது இது.

நேம்சர்வர் சரியாக இருந்தால், டிக்கில் அட் குறியோடு அந்த முகவரியைக் கொடுத்துக் கேளுங்கள். பதிலே இல்லையென்றால் 53-ஆம் போர்ட் அடைபட்டிருக்கலாம். சிறிய பதில்கள் வந்து, பெரிய பதிலுள்ள பெயர்கள் மட்டும் தோற்றால் யுடிபி 53 திறந்தும் டிசிபி 53 மூடியும் இருக்கும். ஃபயர்வால் எழுதுகிறவர்கள் இரண்டாவதை மறப்பது வழக்கம். நிலை வரியில் சர்வ்ஃபெயில் என்று இருந்தால் பெரும்பாலும் உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. அந்த டொமைனின் டிஎன்எஸ்செக் கையொப்பமோ (பதில் போலியல்ல என்று காட்டுவது) அதன் மூல சர்வரோ பழுது. டொமைன் உரிமையாளரை அழைக்கும் நேரம் இது.

## அறிகுறி: -1, -6, -7, -8

இந்த நான்கும் ஏறக்குறைய எப்போதும் உங்கள் கோடுதான், நெட்வொர்க்கைத் தொடவே வேண்டாம். -1, -6, -7 வந்தால், ஹிண்ட்ஸை மெம்செட் கொண்டு பூஜ்யமாக்கினீர்களா என்று பாருங்கள். ஸ்டாக்கில் கிடந்த குப்பை ஃபிளாக்காகவும் குடும்பமாகவும் (ஐபிவி4-ஆ ஐபிவி6-ஆ என்ற வகை) போய்விடுகிறது. காலையில் ஓடி மாலையில் ஓடாத நிரலுக்கும், டீபக் கட்டமைப்பில் ஓடி ரிலீஸில் ஓடாத நிரலுக்கும் இதுவே காரணமாக இருக்கும்.

-8 என்றால் சர்வீஸ் பெயர் தெரியவில்லை. எச்டிடிபி என்று பெயராகக் கொடுத்தால் சர்வீசஸ் கோப்பில் தேடும். மெலிந்த கண்டெய்னர் இமேஜ்களில் அந்தக் கோப்பே இருக்காது. 80 என்று எண்ணாகவே, ஆனால் ஸ்ட்ரிங்காகக் கொடுங்கள்.

## அறிகுறி: முகவரி வருகிறது, ஆனால் சரியாக 5 நொடி கழித்து

5 என்ற எண்ணே துப்பு. ஜிலிப்சி ஒரு டிஎன்எஸ் சர்வருக்காகக் காத்திருக்கும் இயல்பான நேரம் 5 நொடி. இப்படி இரண்டு சுற்று முயலும், ரிசால்வ்.கான்ஃபில் மூன்று சர்வர் வரை எடுத்துக்கொள்ளும். ஆகவே 5, 10, 15 என்று தாமதம் வந்தால் ஏதோ ஒரு பாக்கெட் காணாமல் போகிறது.

முதல் சர்வர் செத்திருக்கிறது. ரிசால்வ்.கான்ஃபில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் டிக்கில் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவது பேசாவிட்டால் அதை எடுங்கள், அல்லது கீழே தள்ளுங்கள். கெட்என்ட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தாமதம் வருவதற்குக் காரணம், முதலாமவர் போய்விட்டார் என்பதை எந்தப் புராசஸும் அடுத்த புராசஸுக்குச் சொல்லி வைப்பதில்லை.

இரட்டைக் கேள்வியில் ஒன்று தொலைகிறது. எல்லா சர்வரும் பேசுகின்றன, ஆனாலும் அவ்வப்போது 5 நொடி என்றால் இதைச் சந்தேகியுங்கள். குடும்பத்தைக் குறிப்பிடாமல் விட்டால் ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் ஒரே சாக்கெட்டில் அடுத்தடுத்து கேள்வி போகும். சில ஃபயர்வால்களும் வீட்டு ரவுட்டர்களும் இரண்டில் ஒன்றை விழுங்கிவிடும். ஹிண்ட்ஸில் ஏஎஃப்_ஐநெட் மட்டும் போட்டு ஓட்டுங்கள். தாமதம் மறைந்தால் உறுதி. ஆனால் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஐபிவி6 மட்டும் உள்ள இடத்தில் உங்கள் நிரல் குருடாகிவிடும். ரிசால்வ்.கான்ஃபின் ஆப்ஷன்ஸ் வரியில் சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓபன் என்று சேர்ப்பதுதான் சரியான ஒட்டு. ஃபயர்வாலைத் திருத்துவது நிரந்தரத் தீர்வு, அதற்கு நிர்வாகி வேண்டும். பாக்கெட்டுகளைப் பதிவுசெய்யும் டிசிபிடம்பில் 53-ஆம் போர்ட்டைப் பிடித்து, இரண்டு கேள்வி போய் ஒரு பதில் வருவதைக் காட்டினால் அவர் மறுக்க வழியில்லை.

5 நொடி இல்லை, பொதுவாகவே மந்தம். குபெர்னெட்டிஸுக்குள் ஓடினால் ரிசால்வ்.கான்ஃபில் என்டாட்ஸ் 5 என்று இருக்கும். பெயரில் ஐந்து புள்ளிக்குக் குறைவாக இருந்தால், சர்ச் வரியில் உள்ள டொமைன் ஒவ்வொன்றையும் ஒட்டிப் பார்த்துத் தோற்ற பிறகே உண்மையான பெயரைக் கேட்கும். வெளியுலகப் பெயர்களின் கடைசியில் ஒரு புள்ளி வையுங்கள், நேராகப் போகும். கண்டெய்னர் இல்லையென்றால், கெட்அட்ரின்ஃபோ ஏதாவது லூப்புக்குள் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜிலிப்சி பதிலைத் தன்னிடம் சேமித்துவைக்காது. ஒவ்வொரு அழைப்பும் வெளியே போய்த்தான் வரும்.

தாமதம் போகவே போகாத இடங்களும் உண்டு. கெட்அட்ரின்ஃபோவுக்குக் காலக்கெடு கொடுக்கும் வசதி கிடையாது. பதில் வரும்வரை அழைத்த த்ரெட் நிற்கும். அலார்ம் சிக்னல் வைத்து நடுவில் தாவி வெளியேறுவதை மட்டும் செய்யாதீர்கள், லைப்ரரியின் உள்பூட்டுகள் பூட்டியபடியே கிடக்கும். தனி த்ரெட்டில் வையுங்கள். ஆயிரக்கணக்கில் பெயர் தேடும் நிரலானால் பதிலுக்காக த்ரெட்டை நிறுத்தாமல் தேடும் சி-ஆரெஸ் லைப்ரரிக்கு மாறுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்வதில் அதிக உழைப்பு கேட்கும் மாற்றம் அதுதான். மேலே சொன்னவற்றைப் பார்த்து முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.

## அறிகுறி: முகவரி வருகிறது, ஆனால் விசித்திரமாக

எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தப்பான முகவரியே தப்பு எங்கே என்று சொல்லிவிடும்.

2.0.0.80. முகவரியை எழுத்தாக்கும் ஐநெட்_என்டுபி-யிடம் முகவரி உறுப்பைக் கொடுக்காமல், குடும்பம், போர்ட், முகவரி எல்லாம் அடங்கிய முழு சாக்கட்ஆர் அமைப்பின் தொடக்கத்தையே கொடுத்துவிட்டீர்கள். முதல் இரண்டு பைட் ஐபிவி4 குடும்ப எண்ணான 2, அடுத்த இரண்டு போர்ட் எண். போர்ட் 443 என்றால் 2.0.1.187 வரும், 8080 என்றால் 2.0.31.144. மேக் கணினியில் முதல் பைட் அமைப்பின் நீளம் என்பதால் 16.2.0.80 என்று தெரியும்.

0.0.0.0. வந்தது ஐபிவி6 முகவரி, நீங்கள் ஐபிவி4 அமைப்பாக மாற்றிப் படிக்கிறீர்கள். முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஐபிவி6 அமைப்பில் ஃப்ளோ தகவல் இருக்கிறது, அது பெரும்பாலும் பூஜ்யம். குடும்பத்தைப் பார்த்துப் பிரியுங்கள்.

255.255.255.255. எழுத்து முகவரியை எண்ணாக்கும் பழைய ஐநெட்_ஆடர் தோற்றதன் அடையாளம். தோல்விக்கு அது தரும் -1 என்பதும் இந்த முகவரியும் ஒன்றே. ஐநெட்_பிடுஎன்னுக்கு மாறுங்கள்.

192.168.010.005 கொடுத்தால் 192.168.8.5 வருகிறது. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எண்ம (ஆக்டல், எட்டை அடியாகக் கொண்ட) முறையில் படிக்கிறது. கெட்அட்ரின்ஃபோவும் இதே பழைய விதியைத்தான் பின்பற்றும். அழகுக்காக பூஜ்யம் நிரப்பிய முகவரிப் பட்டியல்கள் எக்செல் கோப்புகளிலிருந்து வரும்போது கவனம் தேவை. ஐநெட்_பிடுஎன் இவற்றை ஏற்காமல் மறுத்துவிடும், அது நல்லதற்கே.

இரண்டு வெவ்வேறு முகவரி, அச்சில் இரண்டும் ஒன்று. ஒரே பிரிண்ட்எஃப் வரியில் ஐநெட்_என்டுஏ-வை இரண்டு முறை அழைத்திருப்பீர்கள். இரண்டும் ஒரே உள் இடத்தில்தான் எழுதுகின்றன.

நல் என்று அச்சாகிறது. ஐபிவி6 எழுத்து வடிவத்துக்கு 46 பைட் வேண்டும், நீங்கள் ஐபிவி4-க்கான 16 மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

ஒவ்வொரு முகவரியும் மூன்று முறை. பழுதே அல்ல. ஹிண்ட்ஸில் சாக்கெட் வகையைச் சொல்லாததால் ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா என்று மூன்றுக்கும் தருகிறது. சாக்_ஸ்ட்ரீம் போடுங்கள்.

போர்ட் 80 கேட்டால் 20480-க்குப் போகிறது. 8080 கேட்டால் 36895-க்கு. பைட் வரிசையை மாற்றும் எச்டுஎன்எஸ் விடுபட்டிருக்கிறது.

முகவரியை அச்சிட மட்டும் வேண்டுமென்றால் இவற்றில் பாதிக்கு மேல் ஒரே மாற்றத்தில் தீரும்: கெட்நேம்இன்ஃபோவை என்ஐ_நியூமெரிக்ஹோஸ்ட் ஃபிளாக்கோடு அழையுங்கள். குடும்பம் எதுவானாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். நீளத்துக்கு மட்டும் ஏஐ_ஆடர்லென் மதிப்பையே கொடுங்கள். குறைத்துக் கொடுத்தால் -6 வரும்.

## அறிகுறி: முகவரி சரி, இணைப்பு மட்டும் ஆகவில்லை

முதல் முகவரியோடு நின்றுவிடுகிறீர்கள். கெட்அட்ரின்ஃபோ தருவது ஒரு பட்டியல். முதலில் ஐபிவி6 இருந்து, உங்கள் இணைப்பில் ஐபிவி6 பாதியில் செத்திருந்தால், கனெக்ட் இரண்டு நிமிடத்துக்கு மேல் தொங்கும். பட்டியல் முடியும்வரை சுற்றுங்கள். ஒவ்வொரு முகவரிக்கும் புது சாக்கெட் திறந்து, தோற்றால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பட்டியலை விடுவிக்கும் ஃப்ரீஅட்ரின்ஃபோ எல்லாம் முடிந்த பிறகுதான். முன்பே விடுவித்துவிட்டு அந்த முகவரியைக் கனெக்டுக்குக் கொடுக்கும் கோடு சோதனையில் ஓடும், வாடிக்கையாளரிடம் விழும்.

"இன்வாலிட் ஆர்கியுமென்ட்". நீளமாக சாக்கட்ஆர் அமைப்பின் அளவைக் கொடுத்திருப்பீர்கள். அது 16 பைட். ஐபிவி6-க்கு 28 வேண்டும். எஃப்இ80 என்று தொடங்கும் முகவரியானால், எந்த இன்டர்ஃபேஸ் வழி என்பதைச் சதவீதக் குறியோடு சேர்க்கவில்லை என்பதும் காரணமாகலாம்.

லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் போனால் மறுப்பு, 127.0.0.1-க்குப் போனால் சரி. லோக்கல்ஹோஸ்ட் முதலில் ஐபிவி6 லூப்பேக்காக (அதே மெஷினையே சுட்டும் முகவரி) மாறுகிறது, சர்வரோ ஐபிவி4-இல் மட்டும் காத்திருக்கிறது. மேலே சொன்ன சுற்றை எழுதினால் தீர்ந்துவிடும்.

அதே மெஷினில் சரி, பக்கத்து மெஷினிலிருந்து மறுப்பு. சர்வர் பக்கம் பாருங்கள். பெயருக்கு நல் கொடுத்து ஏஐ_பாசிவ் ஃபிளாக்கை விட்டிருந்தால், பைண்டுக்கு லூப்பேக் முகவரிதான் கிடைக்கும். எஸ்எஸ் கட்டளையில் காத்திருக்கும் சாக்கெட்டைப் பார்த்தால் 127.0.0.1 அல்லது ::1 என்று தெரியும். ஃபயர்வாலை அணைத்துப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

தன் பெயரைக் கேட்டால் 127.0.1.1. டெபியனும் உபுண்டுவும் மெஷினின் சொந்தப் பெயரை ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த முகவரியோடு எழுதிவைப்பது வழக்கம். அதை எடுத்து மற்ற மெஷின்களுக்கு "என்னை இங்கே பார்" என்று அனுப்பும் நிரல் ஒருநாளும் ஓடாது. சொந்த முகவரி வேண்டுமானால் கெட்இஃப்அட்ர்ஸ் கொண்டு இன்டர்ஃபேஸ்களைப் படியுங்கள்.

## அறிகுறி: சில நாள் நன்றாக ஓடிவிட்டு நின்றுபோகிறது

முதலில் ஃபைல் டிஸ்கிரிப்டர்களை எண்ணுங்கள். ப்ராக் அடைவில் அந்தப் புராசஸின் எஃப்டி பட்டியல் வளர்ந்துகொண்டே போனால், எங்கோ சாக்கெட் மூடப்படவில்லை. வரம்பு எட்டியதும் பெயர் தேடுவதற்கே ஒரு சாக்கெட் கிடைக்காது; பழுது வேறிடத்தில், அலறுவது பெயர்த் தேடல். நினைவகம் வளர்ந்தால் ஃப்ரீஅட்ரின்ஃபோ விடுபட்டிருக்கிறது.

நெட்வொர்க் மாறிய பிறகு நின்றால் ஜிலிப்சியின் பதிப்பைப் பாருங்கள். ரிசால்வ்.கான்ஃப் மாறியதைத் தானாகக் கவனிக்கும் வசதி 2017-இல் வந்த 2.26-இலிருந்துதான். அதற்கு முந்தையதில் ரெஸ்_இனிட் அழைக்க வேண்டும். பதிப்பு புதியது, ஆனாலும் பழைய முகவரிக்கே போகிறது என்றால், தொடக்கத்தில் ஒருமுறை தேடியதையே நிரல் கட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி இணையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடட்டும்.

பல த்ரெட் உள்ள நிரலில் ஒருவருக்குரிய முகவரி இன்னொருவருக்குப் போனால், கெட்ஹோஸ்ட்பைநேம் என்று தேடுங்கள். எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான ஒரே இடத்தில் பதிலை வைக்கும் பங்க்‌ஷன் அது. ஐபிவி6-உம் தெரியாது. 2008 போசிக்ஸ் தரத்தில் அது நீக்கப்பட்டே விட்டது. ஜிலிப்சி 2.18-க்கு முந்தைய பதிப்புகளில் அதன் உள்ளே கோஸ்ட் என்று 2015-இல் வெளிச்சத்துக்கு வந்த பாதுகாப்பு ஓட்டையும் உண்டு. பழைய கருவிகளின் ஃபர்ம்வேரில் அந்தப் பதிப்பு இருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், கருவியைச் செய்தவரிடம் புதுப்பிப்பு கேளுங்கள்.

## அறிகுறி: என் மெஷினில் சரி, கொண்டுபோன இடத்தில் இல்லை

ஜிலிப்சியோடு ஸ்டாட்டிக்காக இணைத்திருந்தால், லிங்க்கர் ஏற்கெனவே எச்சரித்திருக்கும்: கெட்அட்ரின்ஃபோவுக்கு ஓடும் இடத்திலும் அதே ஜிலிப்சி பதிப்பின் ஷேர்டு லைப்ரரிகள் வேண்டும். டைனமிக்காக இணையுங்கள், அல்லது ஜிலிப்சிக்கு மாற்றான மசல் லைப்ரரியோடு கட்டுங்கள்.

ஆல்பைன் கண்டெய்னரில் இருப்பது மசல். அது என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃபைப் படிப்பதே இல்லை. எல்லா நேம்சர்வரிடமும் ஒரே நேரத்தில் கேட்டு முதலில் வந்த பதிலை எடுக்கும். உள் டிஎன்எஸ் ஒன்று, வெளி டிஎன்எஸ் ஒன்று என்று கலந்து எழுதியிருந்தால் உள் பெயர்கள் சில நேரம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. பெரிய பதிலுக்கு டிசிபி-க்கு மாறுவதும் 2023-இல் வந்த 1.2.4-இலிருந்துதான்.

விண்டோஸில் 10093 வந்தால் டபிள்யுஎஸ்ஏஸ்டார்ட்அப் அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

## அறிகுறி: தமிழில் எழுதிய டொமைன் பெயர் கிடைக்கவில்லை

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று முடியும் பெயர்கள் உலாவியில் திறக்கும், உங்கள் நிரலில் -2 வரும். டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாலும் எண்களாலும் ஆன பியூனிகோட் வடிவத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. உலாவி தானே மாற்றிக்கொள்கிறது, கெட்அட்ரின்ஃபோ சொன்னால்தான் மாற்றும். ஹிண்ட்ஸில் ஏஐ_ஐடிஎன் ஃபிளாக் சேர்த்து, க்னு சோர்ஸ் மேக்ரோவை மேலே வரையறுங்கள். அதன் பிறகும் ஸ்ட்ரிங்கின் குறியாக்கம் சரியில்லை என்ற பிழை வந்தால், மெயினின் தொடக்கத்தில் செட்லோகேல் அழைக்கவில்லை. அழைக்காதவரை நிரல் வெறும் சி லோகேலில் நிற்கும், தமிழ் எழுத்துகள் அதற்குப் புரியாது. அதுவும் சரியென்றால் லிப்ஐடிஎன்2 நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள், ஜிலிப்சி 2.28 முதல் மாற்றும் வேலையை அதனிடம்தான் ஒப்படைக்கிறது. பயனர் தரும் பெயரை ஏற்கும் எந்த நிரலிலும் இந்த ஃபிளாக்கைச் சேருங்கள் என்றே கேட்டுக்கொள்வேன். நம் எழுத்தில் பெயர் வைத்தவர் நம் நிரலிலேயே தடுக்கி விழக் கூடாது.

## அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

நிர்வாகியை அழைக்கலாம் என்று மேலே சொன்ன இடங்களில் எதற்காவது வந்துவிட்டீர்களானால், "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். தேடிய முழுப் பெயர், நொடிவரை நேரம், திரும்பி வந்த பிழை எண், கெட்என்ட் வெளியீடு, எந்த நேம்சர்வரிடம் கேட்டது என்பதோடு டிக் வெளியீடு, அதே நெட்வொர்க்கில் இன்னொரு மெஷினில் என்ன ஆகிறது என்பது, இவை வேண்டும். விட்டுவிட்டு வரும் பழுதானால் 53-ஆம் போர்ட்டின் டிசிபிடம்ப் பதிவுக் கோப்பும் வேண்டும். பழுது நடக்கும்போது எடுத்தது மட்டுமே உதவும், ஆகவே அது வரும்வரை ஓடவிட்டு வையுங்கள். அந்தப் பதிவில் மற்றவர்கள் தேடிய பெயர்களும் விழும் என்பதால், அனுப்பும் முன் உங்கள் மெஷினின் பாக்கெட்டுகளை மட்டும் வடிகட்டி எடுங்கள்.